செயற்கைக் கண்: ஒரு கைத்தொழிலின் வரலாறு

கண் தானத்தைப் பற்றி நான் எழுதும் போதெல்லாம் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இறந்தவரின் கண்ணை எடுத்து உயிரோடிருப்பவருக்கு அப்படியே பொருத்திவிடலாம் என்றால் செயற்கைக் கண் எதற்கு என்பதே அக்கேள்வி. உலகுக்குக் கண்களை வழங்கிய நாடு எனப் பெயர் பெற்ற இலங்கையில் பிறந்தவர்களிடையே கூட இந்த மயக்கம் நிலவுகின்றது.

டாக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் இலங்கைக் கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964 இல் சிங்கப்பூருக்குச் சென்ற முதலாவது பொதியைத் தொடர்ந்து பல்லாயிரக்கணக்கான கண்கள் இந்நாட்டிலிருந்து பிற நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. ஆனால், அவற்றைப் பெற்ற நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது விழியின் முன்புறத்தில் தெளிந்த கண்ணாடி போல அமைந்திருக்கும் விழிவெண்படலம் மட்டுமே. முழுக் கண்ணையும் மாற்ற வேண்டுமாயின், கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பிலுள்ள பத்து இலட்சம் வரையிலான இழைகளை மீண்டும் ஒட்ட வைக்க வேண்டும். அந்த வித்தை இன்னமும் எவருக்கும் கைவரவில்லை. 2023 மே மாதத்தில் நியூயோர்க்கில் ஒருவருக்கு முகத்தின் ஒரு பகுதியோடு முழுக் கண்ணும் மாற்றிப் பொருத்தப்பட்டது. கண் உயிரோடு இருந்தது. பார்வை வரவில்லை.

ஆகவே, விழி முழுவதையும் இழந்தவருக்கு இன்றுள்ள வழி செயற்கைக் கண் ஒன்றே. அது பார்வை தருவதில்லை. என்றாலும், ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளாக மனிதன் அதனைச் செய்து வருகின்றான். வைத்தியம், பொற்கொல்லர் தொழில், கண்ணாடித் தொழில், ஓவியம், பல் வைத்தியம் ஆகிய ஐந்தும் கலந்த விசித்திரமான வரலாறு அது. நான் பார்த்தவரையில் தமிழில் அதிகம் எழுதப்படாத வரலாறும் கூட.

மிகப் பழைய சான்று ஈரானில் கிடைத்திருக்கின்றது. ஆப்கானிஸ்தான் எல்லைக்கு அண்மையில், சிஸ்தான் பிரதேசத்தில் ஷஹ்ர்-இ-சொக்தா என்ற தொன்மையான நகரம் இருக்கின்றது. எரிந்த நகரம் என்பது அப்பெயரின் பொருள். 2006 டிசெம்பரில் அங்கு அகழாய்வு செய்தவர்கள் ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தனர். முப்பது வயதை ஒட்டிய, மிக உயரமான அப்பெண்ணின் கண் குழிக்குள் அரைக்கோள வடிவில், ஓர் அங்குலம் அளவு விட்டமுடைய செயற்கைக் கண் ஒன்று இருந்தது. நிலக்கீல் போன்ற பசையினால் செய்து, மேலே மெல்லிய பொன் படலம் பூசியிருந்தார்கள். நடுவில் ஒரு வட்டமும் அதிலிருந்து சூரிய கதிர்கள் போல விரியும் நுண்ணிய கோடுகளும் செதுக்கப்பட்டிருந்தன. இரு பக்கத்திலும் துளைகள். நூல் கோத்து முகத்தோடு கட்டிக்கொள்வதற்காக அவை இடப்பட்டிருக்க வேண்டும். காலம் கி.மு. 2900 க்கும் 2800 க்கும் இடைப்பட்டது என ஆய்வாளர்கள் கணித்தனர்.

எகிப்தியர்களும் கண் செய்வதில் வல்லவர்கள். ஆனால், அவர்கள் செய்தவை சிலைகளுக்கும் பதப்படுத்திய சடலங்களுக்கும் உரியவை. ஈரானியப் பெண்ணின் கண் அவ்வாறானது அல்ல. கண் குழியின் எலும்பில் அது பதிந்து உராய்ந்த அடையாளம் இருந்தமையால், உயிரோடு இருந்த காலத்திலேயே அவள் அதனை அணிந்திருந்தாள் என்பது தெரிய வந்தது. பொன் நிறத்தில் மின்னும் கண்ணை எவரும் இயற்கைக் கண் என்று மயங்கியிருக்க முடியாது. ஒளிப்பதற்காக அன்றி, அணிகலனாகவோ சமயச் சின்னமாகவோ அவள் அதனை அணிந்திருக்கலாம்.

கண்ணை ஒத்த கண் வேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பாவில் 16 ஆம் நூற்றாண்டில் எழுத்தில் பதிவாகின்றது. பிரெஞ்சு மன்னர்கள் நால்வருக்குச் சத்திர வைத்தியராக விளங்கிய அம்புறுவாஸ் பாரே (1510-1590) போர்க்களங்களில் அனுபவம் பெற்றவர். கை, கால், மூக்கு என்று இழந்த உறுப்புகளுக்கெல்லாம் மாற்று உறுப்புகளை வரைந்து காட்டிய அவர், செயற்கைக் கண்ணிலும் இரு வகைகளை விவரித்தார். ஒன்று, இமைக்கு மேலே வைத்துத் தலையைச் சுற்றிய கம்பியினால் பிடித்துக்கொள்வது. மற்றது, இமைக்கு உள்ளே செருகுவது. பின்னையது பொன்னாலோ வெள்ளியாலோ செய்து வர்ணம் சுட்ட ஓடு. விலையோ அரச குடும்பத்தாருக்கே எட்டக்கூடியது. பாரமும் அதிகம்.

உலோகத்தின் இடத்தைக் கண்ணாடி பிடித்தது. வெனிஸ் நகரக் கண்ணாடித் தொழிலாளர் மெல்லிய கண்ணாடி ஓடுகளைச் செய்தனர். பின்னர் அத்தொழில் பாரிஸ் நகரைச் சென்றடைந்து, 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உச்சத்தை அடைந்தது. செயற்கைக் கண் செய்பவரைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் 'ஒக்கியுலரிஸ்ற்' என்ற பெயர், பாரிஸ் கைவினைஞரான போய்சோனோவின் காலத்தில் புழக்கத்துக்கு வந்ததே.

இந்த இடத்தில் வைத்தியம் பற்றிய ஒரு செய்தியையும் கூற வேண்டும். ஒரு கண்ணில் ஆழமான காயம் ஏற்பட்டால், சில வேளைகளில் காயமடையாத மற்றக் கண்ணும் அழற்சியுற்றுப் பார்வையிழக்கும். விழியற்றோருக்கான எழுத்து முறையைத் தந்த லூயி பிரெயில் மூன்று வயதில் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டு, பின்னர் இரு கண்களையும் இழந்தது இவ்வாறே என்று வைத்தியர்கள் கருதுகின்றனர். கெட்டுப்போன கண்ணை உரிய காலத்தில் அகற்றினால் மற்றக் கண்ணைக் காப்பாற்றலாம் என்பதை 19 ஆம் நூற்றாண்டு வைத்தியர்கள் உணர்ந்தனர். மயக்க மருந்தும் வந்து சேர்ந்தது. கண் அகற்றும் சத்திரசிகிச்சைகள் பெருகின. செயற்கைக் கண்களின் தேவையும் பெருகியது.

அத்தேவையை நிறைவு செய்தது ஜேர்மனியின் துறிங்கியா மலைப் பிரதேசத்திலுள்ள லவுஷா என்ற சிற்றூர். 1597 இல் அங்கு கண்ணாடி உலை நிறுவப்பட்டது. நத்தார் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டைகளுக்குப் பெயர் பெற்ற ஊரும் அதுவே. அவ்வூரைச் சேர்ந்த லுட்விக் முல்லர்-ஊரி பொம்மைகளுக்குக் கண் செய்து வந்தவர். 1835 இல் அவர் மனிதருக்கான கண்ணைச் செய்யத் தொடங்கினார். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்காகப் பழகிய கை, காயமடைந்த மனிதரின் முகத்தைச் சீர் செய்யப் பயன்பட்டது.

ஆனால், ஒரு குறை இருந்தது. பழைய கண்ணாடியைக் கண்ணீர் அரித்தது. சில மாதங்களில் மேற்பரப்பு சொரசொரத்து, இமையின் உட்புறத்தைப் புண்ணாக்கியது. பல ஆண்டு முயற்சியின் பின்னர் 1868 இல் லவுஷாக் கைவினைஞர்கள் கிரையோலைற் என்னும் கனிமத்தைச் சேர்த்துப் புதிய கண்ணாடியை உருவாக்கினர். கிறீன்லாந்தில் வெட்டியெடுக்கப்பட்ட கனிமம் அது. இப்புதிய கண்ணாடி பாரம் குறைந்தது. கண்ணீரை நெடுநாள் தாங்கியது. விழியின் வெண்மையையும் இயல்பாகவே கொண்டிருந்தது. 1875 இல் முல்லர் குடும்பத்தைச் சேர்ந்த பிரீட்ரிக் அடோல்ஃப் முல்லர் வீஸ்பாடன் நகரில் தொழிலகம் நிறுவினார். கண் பரிசோதனைக்கு நாம் இன்றும் வாசிக்கும் எழுத்துப் பலகையை வகுத்த ஒல்லாந்து வைத்தியர் ஹேர்மன் சினெலன் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, 1898 இல் இரட்டைச் சுவருடைய கண் வெளிவந்தது. உள்ளே வெற்றிடமுள்ள இக்கண், விழி அகற்றப்பட்ட குழியை நிரப்பி, இமை உள்வாங்காமல் தடுத்தது.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டுள்ள புகழ்பெற்ற கண்ணாடி மலர்களைச் செய்த லியோபோல்ட் பிளாஷ்காவும் தொடக்க காலத்தில் கண்ணாடிக் கண் செய்தவரே என்பதை இங்கு குறிப்பிடலாம். கலையும் வைத்தியமும் ஒரே ஊதுகுழலின் இரு முனைகளாக இருந்த காலம் அது.

இவ்வாறு ஜேர்மனி ஏகபோகமாக நடத்திய தொழிலை இரண்டாம் உலகப் போர் உடைத்தது. ஜேர்மன் கைவினைஞர்கள் அமெரிக்க நகரங்களுக்குச் சென்று, நோயாளிகளை நேரில் அமர்த்திக் கண் ஊதிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. போர் மூண்டதும் அவர்களது வருகையும் கண்ணாடியின் வரவும் நின்றன. அதே போரோ கண்ணிழந்த இளைஞர்களை நாள்தோறும் வைத்தியசாலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இந்நெருக்கடியில் உதவிக்கு வந்தோர் பல் வைத்தியர்கள். பொய்ப்பற்களின் முரசைச் செய்யப் பயன்பட்ட அக்றிலிக் பிளாஸ்டிக்கினால் கண்ணையும் வார்க்கலாம் என்று கண்டனர். அமெரிக்க இராணுவப் பல் வைத்திய அதிகாரிகளான ஸ்ரான்லி ஏர்ப், மில்ரன் வேர்ட்ஸ், விக்டர் டீட்ஸ் ஆகியோர் 1944 அளவில் இம்முறையைச் செம்மைப்படுத்தினர். கீழே விழுந்தாலும் உடையாத கண் உருவானது. தேய்த்தும் ஒட்டியும் திருத்திக்கொள்ளக்கூடிய கண்ணும் அதுவே.

இந்தப் பிளாஸ்டிக்குக்கு இன்னொரு கதையும் உண்டு. குண்டு பட்டுச் சிதறிய போர் விமானக் கூண்டின் அக்றிலிக் துண்டுகள் விமானிகளின் கண்ணில் தங்கியிருந்தும் அழற்சி உண்டாகவில்லை என்பதை லண்டனில் டாக்டர் ஹரல்ட் றிட்லி அவதானித்தார். அதன் விளைவாக 1949 நவம்பர் 29 அன்று கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கும் முதலாவது சத்திரசிகிச்சையைச் செய்தார். கண்புரைக்கு இன்று நம்மவர் வைத்துக்கொள்ளும் வில்லை அதன் வழிவந்தது. 1992 இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் ஒறோலாப் தொழிற்சாலையைத் தொடங்கி, அவ்வில்லையை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் செய்து காட்டினர். பார்வை தரும் வில்லையும் பார்வை தராத கண்ணும் ஒரே பொருளில் பிறந்தவை. முன்னையதை இயந்திரம் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளுகின்றது. பின்னையதை இன்றும் ஒருவருக்கு ஒன்றாக ஒரு மனிதன் கையால் செய்ய வேண்டியிருக்கின்றது.

ஏன் அவ்வாறு என்பதை, சில ஆண்டுகளுக்கு முன்னர் சென்னையில் ஒரு கைவினைஞரின் மேசையருகே இரண்டு நாட்கள் அமர்ந்திருந்தபோது விளங்கிக்கொண்டேன். எங்கள் பத்திரிகையில் நெடுங்காலம் அச்சுக் கோப்பவராகப் பணியாற்றிய நண்பரோடு அங்கு சென்றிருந்தேன். சிறுவயதில் ஒரு கண்ணை இழந்தவர் அவர். அதுவரை அவர் அணிந்திருந்தது, பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் ஆயத்தக் கண்களில் ஏறக்குறையப் பொருந்திய ஒன்று. காகிதம் போன்ற வெள்ளை, கரி போன்ற கறுப்பு. அது அசையவும் மாட்டாது. குழுப் படம் எடுக்கும் வேளைகளில் அவர் எப்போதும் வரிசையின் ஒரே அந்தத்தில், ஒரு பக்கமாகத் திரும்பியே நிற்பார். எங்களிற் பலர் அதனைக் கர்வம் என்று நினைத்ததுண்டு.

சென்னைக் கைவினைஞர் முதலில் கண் குழியின் அச்சை எடுத்தார். பல் வைத்தியர் பயன்படுத்தும் அதே களிப் பசை. அதிலிருந்து மெழுகில் ஓர் உருவம் வார்த்து, இமைக்குள் வைத்துப் பார்த்தார். இமை எவ்வளவு திறக்கின்றது, மற்றக் கண்ணின் பார்வை எத்திசையில் நிற்கின்றது என்று அளந்து, சுரண்டியும் ஒட்டியும் பல முறை திருத்தினார். செயற்கைக் கண் கோலிக்குண்டு போல உருண்டையானது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு தடித்த சிப்பி ஓடு போன்றது. விழியை அகற்றும்போதே சத்திர வைத்தியர் குழிக்குள் ஓர் உருண்டையைப் புதைத்து, கண் தசைகளை அதனோடு இணைத்துவிடுகின்றார். 1885 இல் பிரித்தானிய வைத்தியர் மியூல்ஸ் கண்ணாடி உருண்டை வைத்துத் தொடக்கிய வழக்கம் அது. உள்ளேயுள்ள உருண்டை அசைய, மேலேயுள்ள ஓடும் ஓரளவு சேர்ந்தசையும். ஓட்டின் பின்புறம் குழியின் ஒவ்வொரு மேடு பள்ளத்தோடும் ஒட்டி அமைந்தாலே அந்த அசைவு கிட்டும். ஆயத்தக் கண் அசையாததன் காரணம் இதுவே.

அடுத்தது வர்ணம் தீட்டுதல். கதிராளி என்று எங்கள் பாடநூல்கள் கூறும் நிற வளையத்தை அவர் சிறு வட்டத் தகட்டில் தூரிகையால் வரைந்தார். மின்விளக்கை அணைத்துவிட்டு, யன்னலருகே பகல் வெளிச்சத்தில் நண்பரை அமர்த்தி, அவரது நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். நாம் கறுப்பு என்று சொல்லும் நம்மவர் கண் உண்மையில் கறுப்பு அன்று. கடும் மண்ணிறத்தின் மேல் மஞ்சள், சாம்பல், செம்மை என்று பல படைகள். நம்மவரின் வெண்விழியும் வெள்ளை அன்று. வெயில் பட்டு வாழ்ந்தவரின் விழியில் பழுப்பும் மஞ்சளும் ஏறியிருக்கும். அவற்றையும் அவர் விடவில்லை. நுண்ணிய சிவப்பு நூலிழைகளைப் பிரித்து, இரத்த நாளங்கள் போல ஒவ்வொன்றாக ஒட்டினார். மேலே தெளிந்த அக்றிலிக் படை ஊற்றி, சுடுநீரில் இறுக்கி, மணிக்கணக்கில் மெருகிட்டார். கண்மணியின் அளவைத் தீர்மானிப்பதே கடினம் என்று அவர் கூறினார். உயிருள்ள கண்மணி வெயிலில் சுருங்கும், இருளில் விரியும். வரைந்த கண்மணி என்றும் ஒரே அளவு. ஆகவே, அணிபவர் எங்கே, எந்த வெளிச்சத்தில் அதிகம் இருப்பார் என்பதைக் கேட்டறிந்து நடுத்தரமான ஓர் அளவை வைக்கின்றார்கள்.

மாலையில் நண்பர் கண்ணாடி முன் நெடுநேரம் நின்றார். பின்பு என்னிடம் சொன்னார்: "தம்பி, ஒரு கண் தெரியேல்லை எண்டது எனக்கு எப்பவோ பழகிப்போச்சு. ஆக்கள் என்ர முகத்தைப் பாத்துக் கதைக்கினமில்லை எண்டதுதான் கடைசிவரைக்கும் பழகேல்லை."

செயற்கைக் கண்ணின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு, இதனைவிடச் சிறந்த பதிலை எந்த நூலிலும் நான் வாசித்ததில்லை.

இத்தொழிலைக் கற்பிக்கும் பட்டப்படிப்புகள் உலகில் மிக அரிது. பெரும்பாலும் குருவிடம் சீடனாக இருந்தே கற்க வேண்டும். 1957 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் செயற்கைக் கண் கைவினைஞர் சங்கம், ஐந்து ஆண்டுகளில் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சியைத் தனது மாணவருக்கு விதிக்கின்றது. ஜேர்மனியில் இன்றும் கண்ணாடிக் கண்ணையே பெரும்பாலானோர் விரும்புகின்றனர். அங்கும் தொழில் கைவர ஆறேழு ஆண்டுகள் செல்லும். 2021 நவம்பரில் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் வைத்தியசாலை முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கிய கண்ணை ஒரு நோயாளிக்கு வழங்கியது. வாரக்கணக்கில் பிடிக்கும் வேலையை இம்முறை வெகுவாகச் சுருக்கும் என்று எதிர்பார்க்கப்படுகின்றது. ஆயினும், இறுதித் திருத்தமும் மெருகும் கைவினைஞரிடமே வந்து சேருகின்றன.

குழந்தைகளின் நிலை வேறு. விழித்திரையில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டோரைத் தாக்குகின்றது. உயிரைக் காப்பாற்றச் சில வேளைகளில் கண்ணை அகற்ற நேரிடும். 'கொலம்போ' தொலைக்காட்சித் தொடரில் துப்பறிவாளராக நடித்து உலகப் புகழ் பெற்ற பீற்றர் ஃபோக் தமது மூன்றாவது வயதில் வலக் கண்ணை இழந்தது இவ்வாறே. குழந்தையின் கண் குழி வெறுமையாக இருந்தால் சுற்றியுள்ள எலும்பு சரிவர வளராது. முகம் ஒரு பக்கம் ஒடுங்கிவிடும். ஆகையால், குழந்தை வளர வளரச் செயற்கைக் கண்ணையும் பெருப்பித்து மாற்ற வேண்டும். குழந்தையின் கண்மணியில், குறிப்பாகப் புகைப்படங்களில், வெண்ணிற ஒளி தெரிந்தால் தாமதியாமல் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். காலத்தோடு கண்டுபிடித்தால் உயிரை மட்டுமல்ல, பல வேளைகளில் கண்ணையும் காப்பாற்றலாம்.

இனி எங்கள் நாட்டுக்கு வருகின்றேன். போர்க்காலப் பத்திரிகைகளில் பணியாற்றிய என் போன்றோர் 'காயமடைந்தோர்' என்ற ஒரு சொல்லோடும் ஓர் எண்ணோடும் செய்தியை முடித்துக்கொள்வது வழக்கம். 1996 ஜனவரி 31 இல் கொழும்பு மத்திய வங்கியின் மீது விடுதலைப் புலிகள் நடத்திய குண்டு லொறித் தாக்குதலில் 91 பேர் இறந்தனர். சுமார் 1,400 பேர் காயமடைந்தனர். சுற்றியிருந்த கட்டடங்களின் யன்னல் கண்ணாடிகள் சிதறியதால் கண்ணை இழந்தவர்கள் அந்த எண்ணுக்குள் மறைந்து போயினர். வடக்கிலும் கிழக்கிலும் எறிகணை, விமானக் குண்டு, மிதிவெடி ஆகியவற்றினால் கண்ணிழந்தவர்களுக்கு அவ்வாறான எண் கூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 2001 ஏப்ரலில் வன்னியிலிருந்து அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குக் கடக்க முயன்றபோது இராணுவத்தினரின் தாக்குதலில் இடக் கண்ணின் பார்வையை இழந்தார் 'சண்டே ரைம்ஸ்' செய்தியாளர் மேரி கொல்வின். அதன்பின் கறுப்புக் கண் மறைப்போடு உலகப் போர்க்களங்களுக்குச் சென்று, 2012 பெப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்டார். அவரது கறுப்பு மறைப்பை உலகமே அறியும். அதே வன்னியில் அதே காலத்தில் கண்ணிழந்த பெண்கள் பலர், சேலைத் தலைப்பால் முகத்தின் ஒரு பாதியை மறைத்தபடி இன்றும் வாழ்கின்றனர். திருமணப் பேச்சு, வேலைக்கான நேர்முகப் பரீட்சை, பாடசாலை வகுப்பறை ஆகிய இடங்களில் அவர்கள் அனுபவித்ததை எந்தப் பத்திரிகையும் கணக்கெடுக்கவில்லை.

புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு உதவி செய்ய விரும்பும்போது கண் சிகிச்சை முகாம்களை நடத்துகின்றார்கள். கண்புரைக்கு அது மிகப் பொருத்தமான உதவி. ஒரு நாளில் ஒரு சத்திரசிகிச்சை, காரியம் முடிந்தது. செயற்கைக் கண் அவ்வாறு ஒரு நாளில் முடிவதில்லை. கண்ணீரின் கசடு படிவதால் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதனை மெருகிட வேண்டும். குழியின் வடிவம் மாறுவதால் ஐந்து ஆண்டுகள் அளவில் புதியது செய்ய வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு அதனினும் விரைவாக. பெட்டி நிறைய ஆயத்தக் கண்களை வாங்கி அனுப்புவதால் இக்குறை தீராது. பல் வைத்தியத் தொழில்நுட்பம் தெரிந்த, தூரிகை பிடிக்கப் பழகிய இளைஞர் இருவரை அல்லது மூவரைத் தெரிந்தெடுத்து, நல்ல ஆசானிடம் சில ஆண்டுகள் அனுப்பி, திரும்பி வந்ததும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு மேசையும் ஒரு யன்னலும் அமைத்துக் கொடுத்தால், அந்த உதவி ஒரு தலைமுறைக்கு நிற்கும்.